புள்ளி வைக்காத ஓ.டி.

அருப்புக்கோட்டை
20-4-1949

சிரஞ்சீவி மாப்பிள்ளை சென்னய்யா அவர்களுக்கு மாமன் சௌடப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. சௌடேஸ்வரி அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

வெங்கடலட்சுமி நன்றாக இருக்கிறாள். உங்கள் மகள் அவளைவிட நன்றாக இருக்கிறாள். அவள் வாயைத் திறந்தால் தெருவில் அத்தனை தறிச் சத்தமும் அமுங்கிப் போகிறது. உங்கள் அத்தைக்கு அதில் ஒரே பெருமை.

விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை பிறந்து மூன்றாம் மாசம் வந்து இருவரையும் கோயமுத்தூருக்கு அழைத்துப் போவதாகச் சொன்னீர்கள். சித்திரை பிறந்துவிட்டது. ‘லீவு இல்லை’ என்று இரண்டு வார்த்தையில் ஒரு கார்டு வந்தது, அவ்வளவுதான். நாலாம் மாசத்தில் அனுப்பும் வழக்கம் நமக்குக் கிடையாது. அடுத்து ஐந்தாம் மாசம், ஆனி. அதையும் விட்டால் ஆடி, ஆடியில் எவன் மகளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புவான்? உங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை, உங்களுக்காக வந்து அழைக்க வேறு ஆளும் இல்லை. நீங்களேதான் வந்தாக வேண்டும். புருஷன் வந்து கூப்பிடாமல் பெண்ணைக் கொண்டுபோய் விட்டால் நம் தெரு என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியும்.

கல்யாணப் பந்தியில் நான் கேட்டது ஞாபகம் இருக்கும். சங்கு ஊதினால் எழுந்து சங்கு ஊதினால் படுக்கிற மில்லுக்காரனுக்குத் தனக்கென்று ஒரு நாள் உண்டா என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்களே தவிர பதில் சொல்லவில்லை. இப்போதாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சௌடப்பன்

*

கோயமுத்தூர்
3-5-1949

மாமா, அத்தை இருவர் பாதங்களுக்கும் சென்னய்யா நமஸ்காரம். இங்கே நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும், முக்கியமாகக் குழந்தையின் சுகத்துக்கும் எழுதவும்.

எங்கள் மில்லில் ஒரு அதிசயம் நடந்திருக்கிறது. கேட் பக்கத்து டைம் ஆபீசில் புதிதாக ஒரு கடிகாரம் வைத்திருக்கிறார்கள். ஆளுயரப் பெட்டி. ஒவ்வொருவருக்கும் பெயர் போட்ட ஒரு அட்டை. உள்ளே போகும்போது அட்டையை அதன் வாயில் வைத்து ஒரு பிடியை அழுத்த வேண்டும். ‘டிங்’ என்று மணி அடிக்கும். வெளியே எடுத்துப் பார்த்தால் வந்த மணியும் நிமிஷமும் அட்டையில் அச்சாகியிருக்கும்! வெளியே வரும்போதும் அப்படியே. முன்பெல்லாம் கிளார்க் தலையைத் தூக்கிப் பார்க்கும்போதுதான் நாங்கள் வந்ததாகக் கணக்கு. அவர் வெற்றிலை போடப் போயிருந்தால் நாங்கள் வரவே இல்லை. இப்போது அந்தப் பெட்டி ஒருவர் முகத்தையும் பார்ப்பதில்லை. மேஸ்திரிக்கும் அதே டிங், கூட்டுகிறவருக்கும் அதே டிங்.

இன்னொன்று கேளுங்கள். நேரத்துக்கு வந்தால் ஊதா எழுத்து விழுகிறது. நேரம் தவறினால் அதே பெட்டி சிவப்பு எழுத்துப் போடுகிறது. உள்ளே யாரும் உட்கார்ந்து மை மாற்றவில்லை. நான் பிட்டர் வேலை பார்க்கிறவன், மிஷினைப் பிரித்துப் பார்த்துப் பழகிய கை. எனக்கே முதல் நாள் மேல் சிலிர்த்துவிட்டது. பாதிப்பேர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் போனார்கள். மறுநாள் யாரோ அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள்.

குழந்தை யார் ஜாடை என்று எழுதவும். வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

தங்கள்,
சென்னய்யா

*

அருப்புக்கோட்டை
12-5-1949

மாப்பிள்ளைக்கு மாமன் ஆசீர்வாதம். எல்லோரும் நலம். வெயில்தான் ஆளைக் கொல்கிறது. கிணற்றில் குடத்தை விட்டால் மண்தான் வருகிறது.

உங்கள் கடிதத்தைத் தெருவில் நாலு தரம் வாசிக்க வைத்துவிட்டார்கள். வீரசோழனிலிருந்து சேலை எடுக்க வந்த ராவுத்தர் மூட்டையைக் கட்டுவதை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். “யாத்தே! இனி ஒரு பய பொழுதைத் திருட முடியாதுங்க” என்றார். நான் அசரவில்லை. பெட்டி பொய் சொன்னால் யாரிடம் போய்க் கேட்பீர்கள் என்று கேட்டேன். 

வெளியே அப்படிச் சொன்னேனே தவிர, அன்றைக்குத் தறியில் உட்கார்ந்து நாடா தள்ளும்போதெல்லாம் காதுக்குள் டிங், டிங் என்றே கேட்டது. முழத்தை அளப்பார்கள், நூலை நிறுப்பார்கள். மனிதன் நின்ற நேரத்தை அளந்து அச்சடித்துக் கையில் கொடுப்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

சிவப்பு எழுத்து என்றால் குற்றமா? வெங்கடலட்சுமி கேட்கச் சொல்கிறாள். “அவுக அட்டையில செவப்பு விழுந்திருக்கா அப்பா?” என்று மூன்று தரம் கேட்டுவிட்டாள்.

குழந்தைக்கு மூக்கு உங்களுடையது. வளர வளரச் சரியாகும் என்கிறாள் உங்கள் அத்தை. வரும் தேதியை எழுதவும்.

சௌடப்பன்

*

கோயமுத்தூர்
29-5-1949

மாமா, அத்தை பாதங்களுக்கு நமஸ்காரம். நான் சுகம். கொஞ்சம் இளைத்திருக்கிறேன் என்று யாராவது வந்து சொன்னால் நம்ப வேண்டாம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சிவப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிவப்பு இரண்டு வகை. காலையில் சிவப்பு விழுந்தால் தாமதம், கூலியில் பிடிப்பார்கள். சாயங்காலம் சங்கு ஊதிய பிறகு சிவப்பு விழுந்தால் அது மேல்நேரம். மை ஒன்றுதான், விழுகிற இடத்தைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது. என் அட்டையில் காலைச் சிவப்பு ஒன்றுகூட இல்லை என்று வெங்கடலட்சுமியிடம் சொல்லவும்.

மேல்நேரத்துக்கு இந்த ஏப்ரலிலிருந்து புதுச் சட்டம் வந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினாலும், வாரத்தில் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் வாங்கினாலும், மிஞ்சுகிற ஒவ்வொரு மணிக்கும் இரண்டு மணிக் கூலி. ஆமாம் மாமா, இரட்டை. டைம் கிளார்க் வாரக் கடைசியில் அட்டைகளைப் பரப்பிக்கொண்டு உள்ளே வந்த நேரத்தை வெளியே போன நேரத்திலிருந்து கழிக்கிறார், சாப்பாட்டு நேரத்தைத் தள்ளுகிறார், மிஞ்சியதைத் தனியாக எழுதி இரண்டால் பெருக்குகிறார். கால் மணிக்குக் குறைந்த துண்டு துணுக்குகளை மட்டும் எங்கள் மில்லில் விட்டுவிடுகிறார்கள். அவர் பெருக்குவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். பொழுது சாய்ந்த பிறகு நான் வேர்த்த வேர்வையை ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார் என்பதே எனக்கு நம்ப முடியவில்லை.

குழந்தை குப்புற விழுந்துவிட்டாளா? எழுதவும். வெங்கடலட்சுமி பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டாம்.

தங்கள்,
சென்னய்யா

*

அருப்புக்கோட்டை
9-6-1949

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். அம்மன் கிருபையில் நலம்.

ஒரு மணி இரண்டு மணியாகிறதா! இதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் பாவு சுற்றவில்லை. அதே ஆள், அதே கை, அதே சுத்தியல். சங்கு ஊதிய அந்த நொடியில் அவன் வேலை இரட்டை மதிப்பாகிவிடுகிறது. அப்படியென்றால் அந்தப் பொழுது மில்லுக்காரனுடையது இல்லை, உழைக்கிறவனுடையது, அதைக் கேட்டு வாங்குவதால்தான் கூடுதல் என்று ஆகிறது. இதைச் சட்டமாக எழுதினவன் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும். எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது மாப்பிள்ளை.

இதை உங்கள் அத்தை நாகமணியிடம் பெரிதாக விளக்கினேன். அவள் உலைக்கு அரிசி களைந்துகொண்டே, “அப்படியா? ஒம்போது மணி நேரத்துக்கு மேல போனா ரெட்டையா? இருபத்தஞ்சு வருசத்துக்கு நான் கணக்குப் போட்டா ஒங்க தறிய வித்தாலும் தீராதே” என்றாள். அன்றிலிருந்து அவளிடம் நான் நேரத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அதெல்லாம் இருக்கட்டும். கடிகாரத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிற கை, வரும் தேதியை எழுத ஏன் கூசுகிறது? அடுத்த வாரம் ஆனி பிறக்கிறது.

சௌடப்பன்

*

அருப்புக்கோட்டை
23-6-1949

மாப்பிள்ளைக்கு மாமன் எழுதுவது. நலம். நலமறிய ஆவல் என்று வழக்கமாக எழுதுவேன், இன்றைக்கு அது ஆவல் இல்லை, கவலை.

இரண்டு வாரமாகத் தபால்காரனைப் பார்க்கிறோம். குழந்தை குப்புற விழுந்துவிட்டாள். நாங்கள் கொழுக்கட்டை அவித்தோம். வெங்கடலட்சுமி உங்கள் பங்கை எடுத்து வைத்திருந்தாள். சாயங்காலம் அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு போய்ப் படுத்துக்கொண்டாள். இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

சௌடப்பன்

*

அருப்புக்கோட்டை
27-6-1949

பாளையம்பட்டி சீனிச்சாமிக்கு சௌடப்பன் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் சுகமா? உன் தகப்பனாரைச் சந்தையில் பார்த்தேன், திடமாக இருக்கிறார்.

நீயும் எங்கள் மாப்பிள்ளையும் ஒரே மில். அவர் கடிதம் வந்து ஒரு மாசமாகப் போகிறது. ஆள் எப்படி இருக்கிறார், என்ன செய்கிறார் என்று உள்ளது உள்ளபடி எழுது. எதையும் மறைக்காதே. ஆனி முடிவதற்குள் அவர் வந்து என் மகளை அழைக்காவிட்டால் நான் தெருவில் தலை காட்ட முடியாது. தெருவை விடு, அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லையடா.

சௌடப்பன்

*

கோயமுத்தூர்
30-6-1949

மாமாவுக்கு சீனிச்சாமி வணக்கம். நான் சுகம். கார்டில் இடம் கொஞ்சம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

உங்கள் மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. ஆளைப் பிடிப்பதுதான் கஷ்டம். தினமும் ஓடி போகிறார். ஞாயிற்றுக்கிழமையும் ஓடி. ஏன் இப்படி என்று கேட்டால் சிரிக்கிறார். இப்போது இங்கே நிறையப் பேர் ஓடிதான். எனக்கும் ஆசைதான், எங்கள் மேஸ்திரி விட மாட்டேன் என்கிறார்.

சீனிச்சாமி

*

அருப்புக்கோட்டை
5-7-1949

மாமா பாதங்களுக்கு சென்னய்யா நமஸ்காரம். இங்கே, உங்கள் வீட்டில், எல்லோரும் சுகம். அங்கே, என் வீட்டில், நீங்கள் சுகமாக வந்து சேர்ந்ததற்கு எழுதவும்.

என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. நேற்று சாயங்காலம் ரயில் ஏறி இன்று மத்தியானம் விருதுநகர் பஸ்ஸில் வந்து இறங்கினேன். வாசலில் அத்தை என்னைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டார்கள். “என்ன மாப்பிள, நீங்க இங்க நிக்கிறீக? அவுக ஒங்களப் பிடிக்கத்தானே நேத்துக் கோயமுத்தூர் போயிருக்காக!” என்றார்கள். எதற்காகப் பிடிக்க என்று கேட்டேன். சீனிச்சாமியின் கார்டை எடுத்து நீட்டினார்கள்.

மாமா, நான் ஓடவில்லை. தேதியை எழுதாததற்கும், ஒரு மாசமாகக் கடிதமே போடாததற்கும் காரணம் ஒன்றுதான். மூன்றாம் மாசம் சொல்லிவிட்டு வர முடியாமல் போனது. இந்தத் தடவையும் லீவு உறுதியாகாமல் சொல்லிவிட்டு அவளை மறுபடி காத்திருக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. உறுதியான அன்றே கிளம்பிவிட்டேன்.

 வெங்கடலட்சுமி குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். என் மகள் என் மூக்கைத்தான் முதலில் பிடித்தாள்.

பன்னிரண்டாம் தேதி காலை நான் வேலையில் இருக்க வேண்டும். ஆனாலும் நீங்கள் இல்லாமல், நீங்கள் அனுப்பி வைக்காமல், அவர்களை அழைத்துப் போவது முறையில்லை. காத்திருக்கிறேன்.

தங்கள்,
சென்னய்யா

*

கோயமுத்தூர்
6-7-1949

என் வீட்டில் இருக்கும் மாப்பிள்ளைக்கு, அவர் வீட்டில் இருக்கும் மாமன் ஆசீர்வதித்து எழுதுவது. நான் சுகம். ரயிலில் இடுப்புப் பிடித்துக்கொண்டதைத் தவிர வேறு குறையில்லை.

நேற்று உங்கள் லைன் வீட்டுக்கு வந்தேன். பூட்டியிருந்தது.  ஷிப்ட் விட்டு வந்த சீனிச்சாமியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “எங்கடா ஓடினாரு எம் மருமகன்?” என்று கத்தினேன். குழாயடியில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கார்டை வாங்கிப் படித்துவிட்டு, “மாமா, இது ஓடி இல்ல! ஓ.டி. ஓவர் டயம்! மேல்நேரத்துக்கு இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக. புள்ளி வைக்க மறந்துட்டேன்” என்றான். குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள் அந்தப் பெண்கள். நான் என்ன செய்வேன்? தமிழில் படித்தாலும் ஓடி, வீட்டில் பேசுகிற கன்னடத்தில் படித்தாலும் அது ஓடிதான். ‘ஓடி போகிறார்’ என்று இருந்ததற்கு, படிக்காத பயல், நடுவில் ‘ப்’ என்ற ஒற்றை விட்டுவிட்டான் என்றல்லவா நினைத்தேன்! ஊருக்கு வரட்டும், அவனுக்கு இருக்கிறது.

பிறகு என்னை டைம் ஆபீசுக்குக் கூட்டிப் போனான். கடிகாரத்தைப் பார்த்தேன் மாப்பிள்ளை. நானும் செருப்பைக் கழற்றிவிட்டேன். சங்கு ஊதியது. உள்ளேயிருந்து ஜனம் வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொருவராக அட்டையை வைக்கிறார்கள், டிங். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவருக்கும் டிங், மீசை முளைக்காதவனுக்கும் டிங். இத்தனை பேருடைய பொழுதும் தனித்தனியாக எழுதப்படுகிறது, ஒருவனுடையது இன்னொருவனோடு கலப்பதில்லை. கோயிலில் தேர் நகரும்போது எனக்கு ஒரு நடுக்கம் வரும். அதே நடுக்கம் அங்கே வந்தது.

கிளார்க் நல்ல மனிதர். உங்கள் பெயரைச் சொன்னதும் வெளிப்பக்கத் தட்டில் தனியாக இருந்த உங்கள் அட்டையைக் காட்டினார். “உங்க மருமகனுங்களா? மிஷின் நிக்கிற ஞாயித்துக்கிழமைதானுங்க பிட்டருக்கு வேலை. ஆறு ஞாயிறு வந்தாருங்க. வாரலீவு போனா அதுக்கு மாத்து லீவு குடுத்தே ஆகணுமுங்க, சட்டம். ரெண்டு மாசத்துக்குள்ள எடுத்துக்கோணும். இவரு ஒண்ணொண்ணா எடுக்காம, ஆறும் மொத்தமா வேணும்னு கேட்டாருங்க. திங்கக்கிழமைதான் மேலே சம்மதிச்சாங்க” என்றார்.

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருமா? என் ஐம்பத்தாறு வயசில் போன நாள் எதுவும் எனக்குத் திரும்பி வந்ததில்லை. இங்கே வருகிறது. மாற்று லீவு ஒன்று, இரண்டு என்று அட்டையில் குறித்து, ஒரு நாளும் குறையாமல் எண்ணிக் கொடுக்கிறார்கள். என் மருமகன் ஆறு ஞாயிற்றுக்கிழமை உறங்காமல் ஓயாமல் இருந்து, ஆறு நாளைச் சேர்த்து, அத்தனையையும் எடுத்துக்கொண்டு என் மகளிடம் போயிருக்கிறார். பந்தியில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

நீங்கள் கொடுத்துவிட்டுப் போன சாவியால் சீனிச்சாமி உங்கள் வீட்டைத் திறந்துவிட்டான். முன்பு நாலு பேரோடு இருந்தீர்கள், இப்போது தனி அறை. தினசரி ஓ.டி. எதற்கு என்று அங்கேயே தெரிந்தது. உத்தரத்தில் தொட்டில் கட்டப் புதுக் கொக்கி அடித்திருக்கிறீர்கள். உறுதியாக இருக்கிறதா என்று நானே ஒரு தரம் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். நான் அனுப்பி வைக்காமல் அழைத்து வர மாட்டீர்கள், உங்களைத் தெரியும். நான் புறப்பட்டு வந்து, நீங்கள் அதற்குள் கிளம்பி, இன்னொரு தரம் இரண்டு ரயிலில் எதிரும் புதிருமாகப் போக என் இடுப்பு தாங்காது. தந்தி கொடுக்கலாம் என்றால், தந்தியைக் கண்டதும் உங்கள் அத்தை பிரிக்கும் முன்பே ஒப்பாரி வைத்துவிடுவாள். அதனால் இந்தக் கடிதம் கிடைத்ததும் புறப்படுங்கள். நீங்கள் சேர்த்த நாளில் ஒன்றைக்கூட எனக்காகக் காத்திருந்து செலவழிக்க வேண்டாம்.

முறை என்று கேட்பீர்கள். அங்கே வழியனுப்ப உங்கள் அத்தை இருக்கிறாள், அவள் போதும். இங்கே வாசலில் நின்று ‘வா தாயி’ என்று சொல்ல உங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. நான் நிற்கிறேன். உங்கள் வீட்டு மனிதனாக நிற்கிறேன். ஆரத்தி கரைக்கக் குழாயடிப் பெண்களிடம் சொல்லிவிட்டேன். சிரித்ததற்கு அவர்கள் ஏதாவது செய்ய வேண்டாமா?

சௌடப்பன்

*

அருப்புக்கோட்டை
8-7-1949

அப்பா பாதங்களுக்கு வெங்கடலட்சுமி நமஸ்காரம். நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் இடுப்புக்கு அம்மா தைலம் கொடுத்துவிடுகிறாள்.

உங்கள் கடிதம் இன்று வந்தது. அவுகதான் சத்தமாக வாசித்தார்கள். ‘உங்கள் வீட்டு மனிதனாக நிற்கிறேன்’ என்ற இடம் வந்ததும் வாசிக்க முடியாமல் என்னிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றுப் பக்கம் போய்விட்டார்கள். மீதியை நான் வாசித்தேன்.

நாளை மத்தியானம் பஸ் ஏறுகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே இருப்போம். அவுக வேலைக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை. அம்மா குழந்தைக்கு மை வைத்து இப்போதே தயார் செய்துவிட்டாள். நாளைக்குத்தானே என்றால் கேட்கவில்லை.

அப்பா, நாங்கள் ஓடி வருகிறோம். புள்ளி எதுவும் மறக்கவில்லை, அப்படியே படிக்கவும்.

உங்கள் மகள்,
வெங்கடலட்சுமி